அரபுக் கடையில் வாங்கிய சுமாக் தூளைக் குப்பையில் போட வேண்டுமா?

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஓர் அரபு உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள். வெங்காயத்தின் மேல் தூவியிருந்த கருஞ்சிவப்புத் தூளின் புளிப்பு பிடித்துப்போய், பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து 'சுமாக்' என்று இணையத்தில் தேடினால், தொட்டாலே கொப்புளம் வரும் ஒரு விஷச் செடியின் படம் முதலில் வந்து நிற்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடச் சொல்கிறார். தமிழில் இதற்கு என்ன பெயர், ரசத்தில் புளிக்குப் பதில் போடலாமா, அப்பாவின் இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, நல்லது என்கிறார்களே அது உண்மையா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. நம் பாட்டிமார் கையில் எடுத்துப் பார்த்திராத ஒரு பொருளை எதை வைத்து நம்புவது?

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில் ஒரு மசாலா ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் 28 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். அன்றாடம் கையில் புழங்கியது மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம்தான். மத்திய கிழக்கு உணவகங்களுக்கு மசாலா கலந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு சுமாக் மூட்டைகளும் வர ஆரம்பித்தன. அதை முகர்ந்து, ருசித்து, கரைத்து, சோதித்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன். மருத்துவம் படிக்கவில்லை. இனிப்பு நீரைப் பற்றிச் சொல்லும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. உங்கள் பொட்டலத்தில் இருக்க வேண்டியது ரூஸ் கொரியாரியா என்ற குறுஞ்செடியின் காய்ந்த பழம். சிசிலித் தீவு தொடங்கி துருக்கி, சிரியா, லெபனான், ஈரான் வரை வறண்ட சரிவுகளில் வளர்கிறது. பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய மயிரோடு, சிவப்பாக, நெருக்கமான கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அதைக் காயவைத்து இடித்துச் சலித்தால் இந்தத் தூள். அந்த நாடுகளில் மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகத் தின்று வருகிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துச் செடிகளைப் பற்றி எழுதிய கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ், இதன் இலையால் தோல் பதனிடுவதையும் பழத்தை உணவில் தூவுவதையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்.

இணையத்தில் நீங்கள் பார்த்த 'விஷச் சுமாக்' வேறு செடி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், காலை வைத்தால் புதையும் சதுப்பு நிலங்களில் வளர்வது அது. அதன் காய் வெளிறிய வெள்ளை நிறம், வழவழப்பாக, கொத்து தளர்ந்து கீழே தொங்கும். சிவந்து, மயிரோடு, நிமிர்ந்து நிற்பதும், வெளுத்து, வழவழத்து, தொங்குவதும் கண்ணுக்கு எளிதாகத் தெரியும் வேறுபாடு. பெயர் ஒன்றானதற்குக் காரணம் உண்டு. 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் சூட்டியபோது, தின்னும் சுமாக்கையும் கொப்புளம் போடும் செடிகளையும் ரூஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்துவிட்டார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் கொப்புளச் செடிகளைப் பிரித்து டாக்ஸிகோடென்ட்ரான் என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். புத்தகத்தில் பிரிந்தாலும் மக்கள் வாயில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவின் பயத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பயத்தின் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. என் தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆற்றோரத்தில் நின்ற ஒரு மரத்தை விறகுக்கு வெட்டப் போய், இரண்டு நாள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தார் என்று பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அது ரெங்காஸ் மரம். அதன் பால் காற்றுப் பட்டதும் கறுக்கும். தோலில் பட்டால் அரித்துப் புண்ணாகும். பச்சை விறகை எரித்த புகைகூட ஆபத்து. மலாய்க்காரர்கள் அந்த மரத்தடியில் ஒதுங்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டில் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் இப்படித்தான், பட்ட இடம் வெந்துவிடும். சித்த மருத்துவத்தில் அதைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை.

ரெங்காஸ், சேராங்கொட்டை, விஷச் சுமாக், தின்னும் சுமாக், முந்திரி, பிஸ்தா எல்லாமே ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் தலைப்பிள்ளை யார் தெரியுமா? நம் மாமரம். காம்பைக் கிள்ளியதும் வடியும் மாங்காய்ப் பால் உதட்டில் பட்டு வெந்துபோன அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. அதற்காக மாங்காயை யாரும் விட்டுவிடவில்லை. பாலை வடியவிட்டு, கழுவி, உப்பு மிளகாய் தொட்டுத் தின்கிறோம். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கும், உள்ளே இருக்கும் பருப்பு பாயசத்தில் மிதக்கும். ஒரே குடும்பத்தில் எது தின்னலாம், எது கூடாது என்று பிரித்தறியும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சுமாக்கையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள், அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முந்திரியோ பிஸ்தாவோ தின்றால் உதடு வீங்குவது, மூச்சு அடைப்பது போன்ற ஒவ்வாமை வீட்டில் யாருக்காவது இருந்தால், அவருக்கு இந்தத் தூளைக் கொடுக்காதீர்கள். உறவுச் செடிகளுக்கிடையே ஒவ்வாமை தாவுவது உண்டு. மாங்காய்ப் பாலுக்குக் கடுமையாகத் தோல் வெடிப்பவரும் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்த பிறகு மேற்கொண்டு தின்பது நல்லது.

இனிப் பெயர். சுமாக் என்பது சிவப்பைக் குறிக்கும் பழைய சிரியாக் மொழிச் சொல்லிலிருந்து அரபுக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. நம் அஞ்சறைப் பெட்டியில் அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் அது வந்ததே இல்லை. யுனானி வைத்தியர்கள் சுமாக் என்றே சொல்லி, வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுத்து வந்தார்கள். சிலர் இதைக் கற்கடகசிங்கி என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. நாட்டு மருந்துக் கடையில் கற்கடகசிங்கி என்று கிடைப்பது பிஸ்தாவின் உறவு மரம் ஒன்றில் பூச்சி கட்டும் கூடு. பழைய நூல்கள் சில அதை ஒரு ரூஸ் செடியின் கூடு என்று எழுதிவைத்ததால் குழப்பம் தொடர்கிறது. ஜார்ஜ் டவுன் சீன மருந்துக் கடைகளில் வூ பெய் ஸி என்று விற்பதும் வேறு: அது சீனச் சுமாக் மரத்தின் இலையில் அசுவினிப் பூச்சி கட்டும் கூடு. அதே சீனச் சுமாக்கின் புளிப்புப் பழத்தை மணிப்பூரில் ஹெய்மாங் என்று சொல்லி விரும்பித் தின்கிறார்கள். இவையெல்லாம் உறவு, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. சுமாக்கைச் சுமாக் என்றே சொல்லுங்கள். பிஸ்தாவைப் பிஸ்தா என்று சொல்லி நாம் எதையும் இழக்கவில்லையே.

பெயரைவிட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் துவர்ப்பு. சமையல் குறிப்புகள் எல்லாம் புளிப்பைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. அந்தச் செடிக்குப் பேரும் காசும் சம்பாதித்துக் கொடுத்தது துவர்ப்புதான். கொரியாரியா என்ற பெயரே லத்தீனில் தோல் பதனிடுபவரைக் குறிப்பது. இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். நல்ல சிசிலி இலைத்தூளில் நூற்றுக்கு 25 பங்கு அளவுக்கு இருக்கும். சிசிலியில் இலையைக் காயவைத்து, அடித்து, கல் ஆலையில் அரைத்து, பலெர்மோ துறைமுகம் வழியாக ஐரோப்பாவின் தோல் பட்டறைகளுக்கெல்லாம் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். மொராக்கோ தோல் என்று பேர் வாங்கிய மென்மையான ஆட்டுத்தோல் இந்த இலையால் பதனிட்டது. வெளிர் நிறமாக வரும், வெயில் பட்டாலும் எளிதில் கறுக்காது, எந்தச் சாயத்தையும் ஏற்கும்.

தமிழ்நாட்டில் இதே வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பட்டறைகள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் உண்டு. புத்தக அட்டைத் தோல் ஏன் சில பத்தாண்டுகளிலேயே செந்தூளாக உதிர்கிறது என்று லண்டனில் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து 1901-இல் அறிக்கை வெளியிட்டது. சுமாக்கில் பதனிட்ட தோல்தான் அதிகம் நீடிக்கிறது என்றார்கள். இந்தியாவிலிருந்து போன ஆட்டுத்தோல்கள் சீக்கிரம் கெட்டன என்று எழுதினார்கள். படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அதில் வேதியியல் சரி. டானினில் இரண்டு வகை. ஆவாரம்பட்டையில் இருப்பது ஒரு வகை. விளக்குப் புகையிலும் நகரக் காற்றிலும் இருந்த கந்தக அமிலம் பட்டால் அதில் பதனிட்ட தோல் சிவந்து பொடிந்துவிடும். சுமாக்கில் இருப்பது மற்ற வகை, அதைத் தாங்கும். நம் கடுக்காய் சுமாக்கின் வகையைச் சேர்ந்தது. கலம்காரித் துணிக்குச் சாயம் ஏற்றும் முன் கடுக்காய் நீரில் நனைப்பார்களே, அதே வேலையை மேற்கே சுமாக் இலை செய்தது. ஆகவே சுமாக்குக்கு நம்மில் ஓர் உடன்பிறப்பைத் தேடினால் புளியை விட்டுவிட்டுக் கடுக்காயைக் காட்டுவேன்.

இவ்வளவு தோல் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள், உங்கள் ரசத்துக்கு வருகிறேன். இலையளவுக்கு இல்லாவிட்டாலும் பழத்திலும் இந்தத் துவர்ப்பு இருக்கிறது. புளிப்பு முக்கியமாக மாலிக் அமிலத்தால் வருவது. பச்சை ஆப்பிளைக் கடித்தால் வரும் புளிப்பு. புளியங்காயின் புளிப்பு டார்டாரிக் அமிலம். கொதிக்கக் கொதிக்கச் சேர்ந்து குழைந்து வரும். அசாம் கெப்பிங் என்ற காய்ந்த புளிப்புப் பழத் துண்டும் கொதியில் அப்படித்தான், லக்சாக் குழம்பில் மணிக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. சுமாக்கைக் கொதிக்கவிட்டால் டானின் இறங்கி, நாக்கை இழுத்துப் பிடிக்கும், சிவப்பும் பழுப்பாகிவிடும். இரும்புச் சட்டியில் போட்டீர்களானால் டானினும் இரும்பும் சேர்ந்து கறுத்துவிடும், கடுக்காய் மை செய்வதும் இதே வழியில்தான். ஆகவே ரசத்தில் புளிக்குப் பதில் தூளைப் போடுவது வேண்டாம். சுமாக் ரசம் வைத்தே தீர வேண்டும் என்றால், அரைக்காத முழுப் பழம் வாங்கி, ஆறிய நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ரசம் நுரைத்து இறக்கும் நேரத்தில் அந்த நீரை ஊற்றுங்கள். துருக்கியிலும் சுமாக் பழத்தை ஊறவைத்த நீரைப் புளிநீர் போலவே குழம்புகளுக்குச் சேர்க்கிறார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் ஊர்ச் சுமாக்கில் பானகம் போல ஒரு குளிர்பானம் செய்வார்கள். அதற்கும் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் ஊற்றினால் துவர்க்கும். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு மக்கள் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால் அந்த முறையை நம்பலாம்.

தூளின் இடம் அடுப்பை அணைத்த பிறகு. லெபனானில் ஃபத்தூஷ் சாலட்டில், ஈரானில் கபாப் மேல், பாலஸ்தீனத்தில் முசகான் என்ற கோழி, வெங்காய ரொட்டியில், சாத்தர் பொடியில் எள்ளோடு என்று எங்கே பார்த்தாலும் அது தூவப்படும் பொருளாகவே இருக்கிறது. முசகான் மட்டும் விதிவிலக்கு. அதில் வெங்காயத்தை நிறைய எண்ணெயில் சுமாக்கோடு வதக்குவார்கள், எண்ணெயும் வெங்காயத்தின் இனிப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். நம் சமையலில் நான் செய்து பார்த்து நிலைத்தவை சில: கொண்டைக்கடலைச் சுண்டலில் எலுமிச்சைக்குப் பதில், தயிர் வடை மேல், வெள்ளரித் தயிர்ப் பச்சடியில், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கில் உப்போடு. சாம்பாரிலும் மீன் குழம்பிலும் எடுபடவில்லை.

வாங்குவது பற்றி என் தொழில் அனுபவத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தூளில் உப்பு சேர்ப்பது அங்கே வழக்கம்; இடிக்கும்போதே சேர்ப்பார்கள், ஏமாற்று அல்ல. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் அது கணக்கில் வர வேண்டும். ஒட்டியுள்ள காகிதத்தில் உப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், சமைக்கும்போது உப்பைக் குறையுங்கள். கலப்படம் வேறு கதை. சிசிலிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே சுமாக் இலையில் வேறு பிஸ்தா இனச் செடியின் இலையைக் கலந்தார்கள். இந்தக் காலத்தில் ஆபத்து சாயம். 2003-இல் ஐரோப்பாவில் மிளகாய்த் தூளில் சூடான் என்ற, உணவில் சேர்க்கக் கூடாத தொழிற்சாலைச் சாயம் பிடிபட்டதிலிருந்து சிவப்புத் தூள் எதையும் சோதிக்காமல் எங்கள் ஆலை ஏற்றதில்லை. ஒரு முறை பெயர் சொல்ல விரும்பாத ஓர் இறக்குமதியாளரிடமிருந்து வந்த சுமாக் மூட்டை கண்ணைப் பறிக்கும் செக்கச்செவேல் நிறத்தில் இருந்தது. எண்ணெயில் போட்டதும் எண்ணெய் முழுக்கச் சிவந்தது. திருப்பி அனுப்பினோம். நல்ல சுமாக் செங்கல்லுக்கும் காய்ந்த திராட்சைக்கும் இடைப்பட்ட மங்கிய நிறம். கொஞ்சம் ஈரப்பிசுக்கோடு, ஒரே சீராக இல்லாமல் இருக்கும்.

வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். ஒரு தேக்கரண்டித் தூளை வெறும் சமையல் எண்ணெயில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுமாக்கின் இயல்பான சிவப்பு நீரில் கரைவது, எண்ணெயில் இறங்காது. எண்ணெய் நன்றாகச் சிவந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: தூளை நீரில் கரைத்து வடித்து, அதில் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும் அல்லவா, அதே இனத்து நிறமிதான் இதிலும் இருக்கிறது. சோடா பட்டதும் சிவப்பு போய்ச் சாம்பல், பச்சை கலந்த நிறத்துக்கு மாற வேண்டும். மாறாமல் அதே சிவப்பாக நின்றால் அது பழத்தின் நிறம் அல்ல. இந்த இரண்டிலும் தேறினால் தூள் முழுக்கச் சுத்தம் என்று முத்திரை குத்த முடியாது. அதற்கு ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். தேறாத தூளைத் தூக்கி எறிய இது போதும்.

அப்பாவின் இனிப்பு நீர். சுமாக் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று மனிதர்களிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஈரானில், நாளுக்கு சில கிராம், சில மாதங்கள், சில டஜன் பேர் என்ற அளவில். சிலவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் ஓரளவு இறங்கின, சிலவற்றில் குறிப்பிடும்படி இறங்கவில்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம், மருந்து என்று சொல்ல அது போதாது. அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பிவிடக் கூடாது. மாத்திரையோடு சேர்த்துக் கரண்டி கரண்டியாகத் தின்றால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கவும் இடமுண்டு, அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் அப்படிச் செய்ய வேண்டும். சாப்பாட்டில் ருசிக்குத் தூவும் ஒரு சிட்டிகைக்கு இந்தக் கவலை வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு யுனானியில் கொடுத்ததற்கு அடிப்படை உண்டு. மாதுளைத் தோலும் மாங்கொட்டைப் பருப்பும் நம் வீட்டில் எதற்குப் பயன்பட்டனவோ அதே துவர்ப்புதான். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு, சர்க்கரைக் கரைசலும் கிளினிக்கும்தான் முதலில். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள், தேநீரைத் தள்ளிக் குடிப்பது போல இதையும் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வைக்கட்டும். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சட்டியில் நடப்பதுபோலவே.

நம் ஊர் ஈரக் காற்றில் உப்புக் கலந்த தூள் ஒரு மாதத்தில் கட்டி பிடிக்கும். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். முகர்ந்தால் புளிப்பு மணம் இல்லாமல் மண் வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால் அப்போது அம்மா சொன்னதைச் செய்யலாம்.

அதுவரை குப்பைக்கு அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் வெறும் தூளை நீட்டி ருசிக்கச் சொல்லாதீர்கள், தனியாகத் தின்றால் யாருக்கும் பிடிக்காது. பெரிய வெங்காயம் ஒன்றைக் காகிதம்போல் அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிடம் கழித்து அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி சுமாக், கொஞ்சம் கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய் ஒன்று. வெங்காயம் இளஞ்சிவப்பாகும்வரை கால் மணி நேரம் விட்டு, பொரித்த கெம்புங் மீனுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரியாணிக்கும் அச்சாருக்குப் பதிலாக இதை வைக்கலாம், ஆனால் முதல் தடவை மீனோடு வைப்பதுதான் நல்லது.